பின் சீட்டில் கேட்ட வளையல் சத்தம்

ஏலே ஐயா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் சந்தேகம் கூடிற்றே ஒழியக் குறையவில்லை. நீ எழுதுகிற கடிதம் எனக்குத் தெரியாதா? நலம், நலமறிய ஆவல், இங்கே குளிர், அம்மா மாத்திரை சாப்பிடுகிறாளா, அவ்வளவுதான். நாலாவது வரியில் கையெழுத்து வந்துவிடும். இந்தத் தடவை இரண்டு பக்கம். இரண்டும் ஸ்பிரிங்கையும் ஷாக்கப்சரையும் பற்றி. கம்பெனி போட்டு அனுப்பினதைக் கழற்றிவிட்டு வெளிக்கடையில் வேறு வாங்கி மாட்டலாமா, எதை மாட்டினால் பின் சீட்டில் குலுங்காது, எதை மாட்டினால் வளைவில் வண்டி சாயாது என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பழைய மாருதியை வாங்கின புதுசில், தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாயே, அப்போது நான் என்ன சொன்னேன்? "வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுதுலே" என்றேன். நீ என்ன சொன்னாய்? "அம்பாசடர்ல உக்காந்து தேஞ்ச இடுப்புப்பா, அதான் அப்படித் தெரியுது" என்றாய். உன் பெஞ்சாதி காந்திமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்றைக்கு என்ன திடீரென்று? கடிதத்தில் 'பின் சீட்டு' என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய். விரல் விட்டு எண்ணினேன். ஓட்டுகிறவன் நீ, முன்னால். காந்திமதியும் உன் பக்கத்தில் முன்னால்தான் உட்காருவாள். அப்போ பின் சீட்டில் ஆருலே உக்காரப் போறா?

துப்புத் தேடி வெளியே போகவில்லை; வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. உங்கம்மா என் பழைய வேட்டிகளில் துவைத்துத் துவைத்து மெத்தென்று போனதாகப் பார்த்து எடுத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்குகிறாள். "எதுக்குட்டி இது?" என்று கேட்டேன். "கார் தொடைக்க" என்றாள். இத்தனை வருஷமாக டாக்சி ஓட்டுகிறேன், கார் துடைக்க அவள் ஒரு கந்தலைக் கையால் எடுத்துத் தந்தது கிடையாது. சாயங்காலமானால் எஸ்.டி.டி. பூத்துக்குத் தனியாகப் போகிறாள். "ஆருக்குப் போன்?" என்றால், "எங்க அண்ணனுக்கு" என்கிறாள். அவள் அண்ணன் வீட்டில் அடிக்கிற ஒரே மணி பூசை மணி. ஆக, நான் தாத்தாவாகப் போகிறேன், அது எனக்கு மட்டும் தெரியக்கூடாது. டாக்சி ஸ்டாண்டில் போய்ச் சொல்லிவிடுவேன் என்று மூன்று பேரும் சேர்ந்து மறைக்கிறீர்கள். ரொம்ப அநியாயம். ஸ்டாண்டில் நான் வாயே திறக்கவில்லை. டீக்கடையில்தான் சொன்னேன்.

மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ சிரமப்படாதே. ஏழாம் மாசம் இங்கே நம் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்த கையோடு காந்திமதியை அம்பாசமுத்திரத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ரயிலில் வந்து இறங்கினால் முடிந்தது. இங்கிருந்து அம்பைக்கு நான் கொண்டு விடுவேன். ஆனால் உன் எண்ணம் அது இல்லை. கோயம்புத்தூரிலிருந்து நீயே ஓட்டி வந்து, வளைகாப்பு முடிந்ததும் மாமனார் தெருவில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறக்க வேண்டும். நான் குறை சொல்லவில்லை. நீ என் மகன், அந்தப் புத்தி வேறே எங்கிருந்து வரும்? அதனால்தான் இவ்வளவு சந்தேகப்படுகிறேன். உன் மேல் மட்டும் இல்லை, உனக்கு யோசனை சொல்லுகிற கடைக்காரன் மேலும். எல்லாவற்றுக்கும் மேலே, என் மேலும். அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

முதலில் கடைக்காரன். 'இந்த செட்டை மாட்டினால் இலவம்பஞ்சு மெத்தை மாதிரிப் போகும், வளைவில் தரையைக் கடித்துக்கொண்டு திரும்பும்' என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிறவனை நம்பாதே ஐயா. மாப்பிள்ளை பரம சாது, ஊரில் ஒருத்தன் அவனிடம் வாலாட்ட முடியாது என்று ஒரு தரகர் உன் அத்தைக்குச் சொன்ன மாதிரிதான் அது. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதற்கு. ஷாக்கப்சர், அந்த ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை அடக்குவதற்கு. மெத்தென்று போக வேண்டுமானால் ஸ்பிரிங் தாராளமாக இறங்கி ஏற வேண்டும். வளைவில் வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அது லேசில் இறங்கக் கூடாது. ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும். எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் விஷயம். அதை மட்டும் எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். அவன் கடை வாசலில் அவனுடைய சொந்த வண்டி நிற்கும் பார், அதற்கு அடியில் குனிந்து பார். அவன் விற்கிற சரக்கு அதில் மாட்டியிருக்கிறதா? இருந்தால், "அண்ணாச்சி, நான் ஓட்டுதேன், நீங்க பின்னால உக்காருங்க, ஒரு வேகத்தடை ஏறி இறங்கிட்டு வருவோம்" என்று கூப்பிடு. எனக்கு முதுகு வலி என்று சொன்னான் என்றால், அதுதான் பதில். எழுந்து வந்துவிடு.

இப்போது என் கதை. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது ஸ்டாண்டில் நம் அம்பாசடருக்கு ஒரு பேர் இருந்தது, நினைவிருக்கிறதா? தொட்டில் வண்டி. அந்தப் பேர் எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. அம்பாசடருக்குப் பின்னால் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். அதுதான் அதற்கு ஸ்பிரிங். மற்றவர்கள் எல்லாரும் திருச்செந்தூர் சவாரிக்கு ஒன்பது பேர், பத்துப் பேர் என்று அடைக்க வேண்டி, ஒரு பட்டை கூடச் சேர்த்துக் கட்டுவார்கள். வண்டி கல்லு மாதிரி ஆகிவிடும். திருச்செந்தூர் போய்த் திரும்பின ஆளுக்கு முருகன் முகத்தைவிட முதுகெலும்புதான் ஞாபகம் இருக்கும். நான் பார்த்தேன். நம் ஊரில் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வண்டி பிடிக்க வருகிறவர்கள், ஸ்டாண்டில் நிற்கிற ஒவ்வொரு காரின் பின் சீட்டையும் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். மாமியார்க்காரி ஒருத்தி ஏறி உட்கார்ந்து, குதித்தே பார்த்தாள். அந்தச் சவாரி முழுக்க எனக்கே வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எல்லாரும் சேர்க்கிறதை நான் உருவப் போனேன்.

வண்ணார்பேட்டையில் பட்டை கட்டுகிற இசக்கி அண்ணாச்சி நம் வண்டிக்கு வாடிக்கை வைத்தியர். "ரெண்டு பட்டைய உருவணும் அண்ணாச்சி" என்றேன்.

"எல்லாவனும் சேக்கச் சொல்லுதான், நீரு உருவச் சொல்லுதீரு. பின்னால ஆர வே ஏத்தப் போறீரு, பூனையவா?"

"புள்ளத்தாச்சிய."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "தொட்டில் மாதிரி ஆடும். சரி. ஆனா தொட்டிலுக்கு ஸ்டீரிங் கெடையாது வே, பாத்துக்கிடும்."

"உம்ம வாயில ஒரு நல்ல வார்த்த வராதா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கழற்ற வைத்தேன். "ஷாக்கப்சர் பழசு, அதையாவது மாத்தும் வே" என்றார். அதையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. வளைகாப்பு முடிந்து வருகிற பிள்ளைக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல் இருக்கும். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். வளையல் சத்தம்தான் எனக்கு மீட்டர். மற்றவன் வண்டியில் அது பாத்திரக்கடை மாதிரிக் கேட்கும். என் வண்டியில் ரயில்வே கேட் தாண்டும்போதுகூடக் கம்மென்று இருக்கும். "வண்டி ஓடுதா நிக்கா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். எனக்கு அந்தப் பெருமை தலைக்கு ஏறிற்று. திருப்பத்தில் வண்டி கொஞ்சம் சாய்கிறது என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். பையப் போனால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லா நாளும் பையப் போக ரோடு விடுமா?

ஒரு நாள் டவுனிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு, வளைகாப்பு முடிந்த பிள்ளை ஒருத்தியோடு சவாரி. முன்னால் என் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் அப்பா. பின்னால் அவளும் அவள் அம்மாவும் சித்தியும். டிக்கியில் சித்திரான்னப் பொட்டலமும் பாத்திரமும். தலைப்பிள்ளை, எட்டாம் மாசம். வீரவநல்லூர் தாண்டி, கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் வாய்க்காலை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறதே, அங்கனதான். அறுப்புக் காலம். திரும்பினால் எதிரே வைக்கோல் ஏற்றின டிராக்டர், முக்கால் ரோட்டை அடைத்துக்கொண்டு. நான் பறக்கவில்லை, ஆனால் பின்னால் சத்தமே இல்லாததால் எவ்வளவு வேகம் என்று எனக்கே தெரியவில்லை. இடது பக்கம் ஒடித்தேன். முன் பாதி திரும்பிற்று, பின் பாதி சாய்ந்துகொண்டே போயிற்று. நேராக்க வலது பக்கம் ஒடித்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தது. ஓடம் மாதிரி. மூன்றாவது ஆட்டத்தில் இடது சக்கரம் இரண்டும் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு மருத மரத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் வண்டி நின்றது. அதுவரை வாய் திறக்காத வளையல் அத்தனையும் ஒரே அடியாகச் சத்தம் போட்டதை நான் கேட்டேன். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பிள்ளைதான் சொன்னாள்: "அம்மா, அசையுது."

அவளைப் பையக் கீழே இறக்கினோம். அவள் அப்பா என்னைப் பார்த்து, "என்னவே ஆச்சு?" என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது வேறே. "பஞ்சர் அண்ணாச்சி. பின் டயர்ல காத்து எறங்கிட்டு." டயர் கொழுக்கட்டை மாதிரி முழுசாக இருந்தது. அவர்கள் எல்லாரும் மரத்துப் பக்கம் போனதும், நான் வாய்க்கால் பக்கம் குனிந்து உட்கார்ந்து, ஒரு தீக்குச்சியால் வால்வைக் குத்திக் காற்றைத் திறந்துவிட்டேன். ஸ்ஸ்ஸ் என்று போயிற்று. நிமிர்ந்து பார்த்தால், முகம் கழுவ வந்த அந்தப் பிள்ளை நாலு அடி தள்ளி நிற்கிறாள். கோபமாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"வண்டி நின்ன பெறவு எதுக்கு அண்ணாச்சி காத்து எறங்குது?"

தீக்குச்சியை வாய்க்காலில் போட்டேன். அவள் தன் அப்பா நிற்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மரத்துப் பக்கம் போய்விட்டாள். நான் நல்ல சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டினேன். ரோட்டில் போனவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஏற்றி, அம்பைவரை மாட்டுவண்டி வேகத்தில் போய்ச் சேர்ந்தோம். வாசலில் அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பஞ்சரான வண்டிய நிறுத்திட்டீரே, நீரு தெய்வம் வே" என்றார். அவள் என்னைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனாள். இரண்டு மாசம் கழித்து ஒரு சவாரியை விட்டுவிட்டுத் திரும்பும்போது, அந்தத் தெருவில் ஹாரன் அடிக்காமல் போனேன். அவள் வீட்டுக் கொடியில் சதுரம் சதுரமாகச் சின்னத் துணி காய்ந்தது. ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். இப்போது உங்கம்மா வேட்டி கிழிக்கிறதைப் பார்த்ததும் கண்டுபிடித்தேன் என்றால், என் மூளையால் இல்லை, அந்தக் கொடியால்.

நீ இதில் எங்கே வருகிறாய் தெரியுமா? மறுநாள் நீதான் வண்டி கழுவினாய். பின் சீட்டு இடுக்கிலிருந்து பச்சைக் கண்ணாடித் துண்டு நாலைந்து எடுத்து வந்து, "என்னப்பா இது?" என்று காட்டினாய். உன்னிடமும் பஞ்சர் என்றே சொன்னேன். நான் பஞ்சர் என்றேன். நீ பள்ளிக்கூடத்தில் டயர் வெடித்தது என்றாய். காலேஜ் முடிவதற்குள் அது பாலத்துக்கு மேலே நடந்ததாக ஆகியிருந்தது. உன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து நீ மாமனாரிடம் சொன்னபோது இரண்டு டயர் வெடித்திருந்தது! அவரும் சாம்பார்க் கையோடு எழுந்து வந்து, "இப்படி ஒரு கைகாரர் வீட்டுக்கு எம் பொண்ணு போறா, எனக்கு என்ன கவலை?" என்றார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு குனிந்திருந்தேன். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் இப்போது பெண்ணை உன் வண்டியில் ஏற்றுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் நீயும் ஸ்பிரிங்குக்கு என்னிடம் யோசனை கேட்கிறாய். அதுவும் அதே ரோடு, அதே வளைவு.

அந்தச் சவாரிக்கு அடுத்த வாரமே இசக்கி அண்ணாச்சியிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உருவின பட்டை இரண்டையும் எடுத்து வந்து போட்டார். ஒன்றைத்தான் திரும்பக் கட்டினோம். ஷாக்கப்சர் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும் புதுசு. பிறகு அவர் என்னைக் கேட்டார்: "இத்தன வருசம் ஓட்டுதீரே, உம்ம வண்டியில பின் சீட்டுல எத்தன தரம் உக்காந்திருக்கீரு?" யோசித்துப் பார்த்தேன். ஒரு தரம்கூட இல்லை. எந்த டிரைவரும் அந்தத் தப்பைத்தான் செய்வான். அன்றைக்கு அவரை ஓட்டச் சொல்லி, உங்கம்மாவுக்கு இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போடச் சொல்லிப் பின்னால் ஏற்றி, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்த வயசுல என்ன கொஞ்சல்?" என்று அவளுக்கு அப்போதே என் மேல் சந்தேகம். அதே வளைவுவரை போய் வந்தோம். வளையல் சும்மா இருக்கவில்லை. பள்ளம் வந்தால் சில் என்றது, ஒரு தரம், அவ்வளவுதான், அடங்கிற்று. வளைவில் வண்டி சொன்ன பக்கம் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. சத்தமே போடாத வளையலை நம்பக் கூடாது. ரோடு எப்படி இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறாய் என்று அது டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் உன் மாருதிக்கு இப்படிச் செய். கம்பெனி ஸ்பிரிங்கைத் தொடாதே. வண்டியைத் தரையோடு தாழ்த்துகிற குட்டை ஸ்பிரிங்கை அவன் காட்டுவான்; நம் பக்கத்து வேகத்தடையில் அது வயிற்றைத் தேய்க்கும். ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் செருகினால் போதும் என்பான். அது கல்லு மாதிரி ஆக்குகிற வழி, வேண்டாம். வண்டியின் ஒவ்வொரு மூலையையும் பலமாக அமுக்கி விட்டுப் பார். ஒரு தரம் எழும்பி அடங்கினால் ஷாக்கப்சர் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று தரம் தலையாட்டினால் செத்துவிட்டது. மாற்றினால் பழசைவிட ஒரு பிடி இறுக்கமானதாக, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்று. ஒன்று புதுசு ஒன்று பழசு என்று மாட்டாதே. அதைத் தாங்குகிற ரப்பர் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லு, பாதிச் சத்தம் அதில்தான் இருக்கும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். அதைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது.

மாட்டினபிறகு நல்லா இருக்கு என்று நீ எழுதினால் நம்ப மாட்டேன். ஸ்டீரிங்கைப் பிடித்தவன் சொல்லுகிற 'நல்லா இருக்கு' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். மாட்டி முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி வருகிறேன். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டு வை. நீ பைய ஓட்டு. நான் பின் சீட்டில், காந்திமதி என் பக்கத்தில், கை நிறைய வளையலோடு. வளையல் சொல்லுகிறதை அவள் கேட்டுக்கொண்டு, மெத்தென்றா இறுக்கமா, எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும். உங்கம்மாவிடம் எனக்கு விஷயம் தெரியும் என்று மூச்சு விடாதே. இன்னும் இரண்டு வேட்டி பாக்கி இருக்கிறது, நிம்மதியாகக் கிழிக்கட்டும்.

ஆனால் அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் காந்திமதி கையில் கொடு. ஒரு வரி விடாமல் அவள் படிக்கட்டும். படித்துவிட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்றால் வண்டியை எடு. உட்காரவில்லை என்றால் ஒன்றும் கேட்காதே; ரயிலுக்கு டிக்கெட் எடு.

உன் அப்பா